கொக்கியாரின் மூன்று கரண்டித் திட்டம்

"தொண்ணூத்தாறு" என்றார் நர்ஸம்மா.

"எந்திரம் பழசு போலிருக்கு" என்றார் கொக்கியார்.

நர்ஸம்மா எந்திரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஏறச் சொன்னார். இந்தத் தடவை தொண்ணூற்றாறு கிலோ இருநூறு கிராம் காட்டியது.

"பாத்தீங்களா, தட்டினதுல கூடிப்போச்சு."

"இந்தத் தட்டுல கூடல சார். வீட்டுத் தட்டுல கூடியிருக்கு. இறங்குங்க."

கொக்கியார் இறங்கினார். கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவர் அவர். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்ற எல்லா வாயிலும் கொக்கியார்தான். வருஷத்துக்கு ஒரு முறை கிரேன்காரர்களை எடை போட்டுப் பார்ப்பார்கள். ஆபத்து என்றால் மேலேயிருந்து கீழே இறக்குகிற கயிறும் பெல்ட்டும் தொண்ணூற்றைந்து கிலோவுக்குத்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் ஆள் மேலே போகக் கூடாது.

"ஆறு வாரம் டைம் தரேன். தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வாங்க."

"வரலேன்னா?"

"கீழ சாமான் ரூம்ல ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க. கையுறை, ஹெல்மெட் எடுத்துக் குடுக்கிற வேலை. நல்ல வேலை சார். ஃபேன் இருக்கு."

கொக்கியாருக்கு அந்த ஃபேன் வேண்டாம். ஃபேன் மேல் கோபமில்லை. அவருடைய கவலை வேறு.

மேலே ஏறினால் எட்டு மணி நேரம் தனி ஆள். ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு நாற்காலி, இரண்டு நெம்புகோல். கீழே நடக்கிறவர்கள் கட்டைவிரல் உயரம். ரேடியோவில் வருவது மூன்றே சொல்: "மேல", "கீழ", "நிறுத்து". அந்த மூன்றைத் தவிர ஒரு நாள் முழுக்க அவரிடம் யாரும் எதுவும் பேசுவதில்லை. ஒரு தடவை கூண்டுக்குள் ஒரு ஈ வந்துவிட்டது. மூன்று நாள் அதோடு பேசிக்கொண்டிருந்தார். நாலாம் நாள் அது போய்விட்டது. சிரிக்காதீர்கள், மனிதருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

ஆனால் சாயங்காலம் ஒரு மணி நேரம் இருந்ததே! மகள் வேலைக்கு வேறு ஊர் போனபின் வீட்டில் இரண்டே பேர். சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்காருவார்கள். கொக்கியார் அன்றைக்கு மேலேயிருந்து பார்த்ததைச் சொல்ல ஆரம்பிப்பார். அன்றைக்கு ஒன்றும் பார்க்கவில்லை என்றால் என்றைக்கோ பார்த்ததைச் சொல்லுவார். கரண்டிதான் கொக்கி, டம்ளர்தான் கன்டெய்னர். மனைவி அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள்.

"ஐயையோ, அப்புறம்?"

"கயிறு ஆடுது. காத்து தள்ளுது. கீழ ஆள் நிக்குது!"

"அப்புறம்? அந்த ஆள் என்ன பண்ணினான்?"

இத்தனைக்கும் அவளுக்கு வேலையே காது வேலை. மிக்ஸி, ஃபிரிட்ஜ் விற்கிற கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவு. காலையிலிருந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் வசவையெல்லாம் கேட்டுவிட்டு வந்து, அதற்கப்புறமும் புருஷன் கதையை இப்படிக் கேட்கிறாளே! கொக்கியார் மனசுக்குள் அவளைக் கையெடுத்துக் கும்பிடுவார். உலகத்தில் தனக்கு இருப்பது இரண்டு காது, இரண்டும் அவளிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இப்போது கீழே இறக்கிவிட்டால் அவளிடம் எதைச் சொல்லுவது? கையுறை கொடுத்தேன். அப்புறம்? கையுறை வாங்கினேன். அப்புறம்? ஃபேன் சுற்றியது. ஒரு வாரத்தில் அவளுக்கே அலுத்துவிடும். அதோடு அந்த ஒரு மணி நேரமும் போச்சு. நாற்பது மீட்டர் உயரத்தில் தனியாக இருப்பதைத் தாங்கிக்கொள்ளலாம், சொந்தச் சாப்பாட்டு மேசையில் தனியாக இருப்பதை எப்படித் தாங்குவது?

ஆகவே கொக்கியார் சபதம் எடுத்தார். இளைத்தே தீருவது. அதுவும் டாக்டர், புத்தகம், யோசனை என்று யார் தயவும் இல்லாமல், சொந்த மூளையில் திட்டம் போட்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை மேசையில் பெரிய காகிதம் விரிந்தது. ஸ்கேல், பென்சில், மூன்று கலர் பேனா.

"என்னங்க வரையறீங்க?" மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"லோடு சார்ட்."

"வீட்டுலயா?"

"கிரேன்ல ஒட்டியிருப்போமே, கை எவ்வளவு நீட்டினா எவ்வளவு வெயிட் தூக்கலாம்னு. அதே மாதிரி வயித்துக்கு. நாளொன்றுக்கு எவ்வளவு ஏத்தலாம், எந்த வேளைக்கு எவ்வளவு. எல்லாம் அளவு. அளவுதான் வாழ்க்கை."

"சரி, இப்ப எவ்வளவு சாப்பிடறீங்கன்னு தெரியுமா?"

"ராத்திரிக்கு நாலு கரண்டி சோறு."

"நாலா? என்னை ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"இது டெக்னிக்கல் விஷயம்மா. நீ குழப்பாதே. நாலு. அதுல ஒண்ணு குறைச்சா மூணு. தலை தட்டின மூணு கரண்டி. காய் நூறு கிராம். மீன் ஒரு துண்டு. உருளைக்கிழங்கு ஏழு வில்லை."

"ஏழுன்னா?"

"எட்டு இல்ல."

மனைவி பாத்திரம் கழுவப் போனாள். கொக்கியார் கடைசியாகச் சிவப்பு மையில், கட்டம் கட்டி, ஒரு விதியை எழுதினார். யார்டில் சுவரெல்லாம் எழுதியிருக்கிற விதி அது: சுமை காற்றில் இருக்கும்போது இயக்குபவரிடம் பேசக் கூடாது. அதை இவர் கொஞ்சம் திருத்தினார்: சாப்பிடும்போது பேசக் கூடாது. அவசரம் என்றால் கைச்சைகை மட்டும்.

திரும்பி வந்து அதைப் படித்த மனைவி ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"சாப்பிடும்போது பேச மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"ஒண்ணுமே?"

"பேச்சுல கவனம் போனா அளவு தப்பும். எத்தனை கரண்டி போச்சுன்னே தெரியாது. ஆறு வாரம்தான். அப்புறம் ஆயுசுக்கும் பேசிக்கலாம்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சு, கோடு போட்டு, மையில எழுதியாச்சு."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கொக்கியார் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பாவம், என் கதையைக் கேட்காமல் ஆறு வாரம் எப்படித் தள்ளப் போகிறாளோ!

"மனசைத் தேத்திக்கோ" என்றார்.

"தேத்திக்கறேன்" என்றாள்.

திட்டம் அன்றைக்கே ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது. சமையலறைத் தராசு ஒன்று மேசையில் ஏறியது. சாயங்காலம் கொக்கியார் சோற்றைக் கரண்டியில் அள்ளி, கத்தியின் முதுகால் தலையைத் தட்டி, தட்டில் கவிழ்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு சாப்பிட்டார். அறையில் கேட்டது ஃபிரிட்ஜின் உறுமலும் அவர் மெல்லுகிற சத்தமும்தான். தான் இவ்வளவு சத்தமாக மெல்லுகிறோம் என்பதே அவருக்கு ஐம்பது வயதில் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டாவது கரண்டி முடிந்ததும் வயிறு போதும் என்றது. சார்ட் மூன்று என்றது. கொக்கியார் சார்ட் பேச்சைக் கேட்டார். திட்டம் என்றால் திட்டம். எட்டே நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மிச்ச ஐம்பது நிமிஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மனைவி உப்பு வேண்டும் என்பதற்கு விரலால் தூவிக் காட்டினாள். தண்ணீர் என்பதற்குக் கட்டைவிரல். மூன்றாம் நாள் அவள் இரண்டு கையையும் விரித்து, தலையைச் சாய்த்து, கண்ணை உருட்டி ஒரு சைகை காட்டினாள். யார்டு சைகைப் புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. என்ன அர்த்தம் என்று கேட்கவும் வழியில்லை.

நாலாம் நாள் அவள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எங்க?" என்று புருவத்தால் கேட்டார்.

"எதிர்வீட்டுத் தையக்காரம்மா தனியாத்தான் சாப்பிடறா. அங்க போய் சாப்பிடறேன். நீங்க கவனமா சாப்பிடுங்க. நான் எதிர்ல இருந்தா உங்களுக்குத் தொந்தரவு."

தொந்தரவு இல்லை, உட்கார், என்று சொல்லத் துடித்தார். சொன்னால் விதி என்னாவது? வாயில் வேறு இரண்டாவது கரண்டி. அவள் போய்விட்டாள்.

ஐந்து நிமிஷத்தில் எதிர்வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. இரண்டு பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. கொக்கியார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு மறுபடி எழுந்து போய் லேசாகத் திறந்து வைத்தார்.

அந்த வாரம் பார்த்து ஒரு நல்ல சமாசாரம் வேறு நடந்தது. தூக்கப்போன காலி கன்டெய்னரின் கூரையில் ஒரு பூனையும் நாலு குட்டியும். அதை மேலேயிருந்து முதலில் பார்த்தவர் கொக்கியார்தான். ரேடியோவில் கத்தி, யார்டையே நிறுத்தி, ஏணி போட்டு, ஒவ்வொன்றாக இறக்கி, ஆகா! சாயங்காலம் அந்தக் கதையைப் பத்திரமாக வீட்டுக்குச் சுமந்து வந்தார். மாடிப்படி ஏறும்போதே எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டார். கதவைத் திறந்தால் தராசு உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய தட்டு எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறது.

அவள் துணி மடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்துப் பார்த்தார்.

"இன்னிக்கு யார்டுல ஒரு பூனை…"

"நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட்டுங்க. காதெல்லாம் வலிக்குது. ஒரு ஆளு ஃபிரிட்ஜுல ஐஸ் வரலேன்னு முக்கால் மணி நேரம் அழுதான்."

சாப்பாட்டு மேசையை விட்டால் அவள் காது மூடிவிடும், அது அவருக்குத் தெரிந்ததுதான். மேசையைப் பூட்டியவர் யார்? இவர்தான். பூனைக் கதை நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மறுநாள் உருளைக்கிழங்கு ஏழு வில்லையிடம் அதைச் சொல்ல ஆரம்பித்து, நாலாவது வில்லையில் தனக்கே அழுகை வரும்போல இருந்ததால் நிறுத்திக்கொண்டார்.

சரி, இவ்வளவு பட்டாலும் இளைத்தாலாவது பரவாயில்லை. வாரம் ஒரு முறை மருந்துக்கடை வாசலில் இருந்த எடை எந்திரத்தில் ஏறினார். முதல் வாரம் தொண்ணூற்றாறு எண்ணூறு. ஷூ போட்டிருந்தோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். இரண்டாம் வாரம் ஷூவையும் பெல்ட்டையும் வாட்ச்சையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினார். தொண்ணூற்றேழு முந்நூறு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷ மீசையை எடுத்தார். அதில் எத்தனை கிராம் இருந்துவிடப் போகிறது, ஆனால் ஆத்திரம் அப்படி. மறுநாள் யார்டில் யாரும் கவனிக்கவில்லை. கூண்டுக்குள் இருக்கிற மனுஷனின் மூக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எவன் பார்க்கிறான்? சாயங்காலம் மனைவி ஒருத்திதான் பார்த்தாள். தட்டோடு கதவருகே போனவள் திரும்பி, கண்ணை அகட்டி, "ஏங்க, என்னது இது…" என்று ஆரம்பித்தாள். கொக்கியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பழக்க தோஷம், கை தானாக எழுந்து முஷ்டியை மடக்கிக் காட்டியது. யார்டு பாஷையில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம். அவள் நிறுத்திவிட்டாள். இரண்டு வாரத்தில் அவரைப் பார்த்து ஒருவர் ஆசையாகக் கேட்ட ஒரே கேள்வி, அதையும் தன் கையாலேயே நிறுத்திவிட்டார் மனிதர்.

மூன்றாம் வாரம் மருந்துக்கடை எந்திரம் தொண்ணூற்றேழு தொள்ளாயிரம் என்றது. கொக்கியார் நம்பவில்லை. யார்டில் லாரி நிறுக்கிற எடைமேடையில் போய் நின்றார்.

"நூறு" என்று கத்தினார் பக்கத்து அறையில் எடை பார்க்கிறவர்.

"நூறா!"

"இது லாரி மேடைண்ணே. இருபது இருபதாத்தான் சொல்லும். அடுத்தது நூத்திருபது. சொல்லட்டுமா?"

"வேணாம்ப்பா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தார். அளவு தப்பவில்லை. கரண்டி தப்பவில்லை. மூன்று என்றால் மூன்று. அப்படியும் ஏறுகிறது என்றால் யாரோ உள்ளே கை வைக்கிறார்கள். யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் இவரே. அன்றைக்கு மனைவி தட்டை எடுக்கப் போனபோது வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"நில்லு. உண்மையைச் சொல்லிடு. சோத்துல என்ன கலக்கறே?"

"தண்ணி."

"விளையாடாதே. மூணு வாரமா மூணே கரண்டி சாப்பிடறேன். ஒரு கிலோ எழுநூறு கூடியிருக்கேன். எப்படி?"

"மூணு கரண்டி சாப்பிட்டா கூடாதா பின்னே?"

"நாலுலேருந்து மூணா குறைச்சிருக்கேன்டீ!"

"நாலு எப்ப சாப்பிட்டீங்க?"

"தினமும்!"

"ரெண்டு."

"என்ன ரெண்டு?"

"ரெண்டு கரண்டிதாங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. பதினாலு வருஷமா. அதனாலதான் அன்னிக்கே என்னைக் கேளுங்கன்னு சொன்னேன்."

கொக்கியார் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மனைவியும் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்குப் போக ஆரம்பித்தபின் முதல் தடவை.

"ரெண்டுதான்னா எனக்குத் தெரியாதா?"

"எப்படித் தெரியும்? நீங்கதான் பேசிக்கிட்டு இருப்பீங்களே. முப்பத்தாறு வயசுல டாக்டர் சொன்னார் ஞாபகம் இருக்கா, சாப்பாட்டைக் குறைக்கணும்னு? நான் சொல்லிப் பாத்தேன். சண்டைக்கு வந்தீங்க. அப்புறம் ஒரு நாள் கவனிச்சேன். நீங்க கதை சொல்ல ஆரம்பிச்சா கரண்டி கொக்கியாயிடும், கை காத்துல நிக்கும். தட்டுக்குப் போகாது. ரெண்டு கரண்டி உள்ள போனதும் நான் 'அப்புறம்?'னு கேப்பேன். நீங்க சொல்லுவீங்க. இன்னொரு 'அப்புறம்?' போட்டுட்டு சோத்துப் பாத்திரத்தை மெதுவா உள்ள எடுத்துட்டுப் போயிடுவேன். கதை முடியறப்ப வயிறு தானா அடங்கியிருக்கும். நீங்களே ஏப்பம் விட்டு எழுந்துக்குவீங்க."

"அடிப்பாவி!"

"ஆபீஸ்ல கத்துக்கிட்டதுதான். கோவமா ஃபோன் பண்றவங்களைப் பேச விட்டா போதும். எதுக்குக் கூப்பிட்டோம்ங்கறதே மறந்துடும்."

"அப்போ இந்தத் தொண்ணூத்தாறு எப்படி வந்துச்சு?"

"எங்கக்கா கால் உடைஞ்சு நான் ஒரு மாசம் அங்க போயிருந்தேனே. நீங்க இங்க பேச ஆளில்லாம தனியா உக்காந்து சாப்பிட்டீங்க. நாலு கிலோ. நான் திரும்பி வந்ததும் இறக்கிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க கோடு போட்டு, மையில எழுதிட்டீங்க."

எல்லாம் புரிந்தது. கூட்டிப் பார்த்தால் சரியாகவும் இருந்தது. ஆனால் கொக்கியார் மனசு எடையில் இல்லை. வேறு ஒன்று அவரைக் குத்திக்கொண்டிருந்தது. கேட்க பயமாகவும் இருந்தது.

"அப்போ… நீ கேட்டதெல்லாம்? 'ஐயையோ'ன்னியே, 'அந்த ஆள் என்ன பண்ணினான்'னு கேட்டியே. அதெல்லாம் சோத்துப் பாத்திரத்துக்காகத்தானா?"

"மீன் ஆறுது. சாப்பிடுங்க."

"முன்னாடி பன்னெண்டு வருஷம்? டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி?"

"அப்ப சும்மா கேட்டேன்" என்றாள் அவள், மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே.

கொக்கியார் அன்று இரண்டு கரண்டிகூடச் சாப்பிடவில்லை. துக்கம். வேறு என்ன சொல்லுவது? பதினாலு வருஷமாகத் தன் உலகத்தில் இருந்த ஒரே காது, காதே இல்லை என்றால்? மேலே அந்த ஈயாவது நேர்மையாகப் பறந்து போய்விட்டது.

ஆனால் மூன்று வாரம்தான் பாக்கி. மூன்று கிலோ இறங்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவிலிருந்து சார்ட் இறங்கியது. தராசு பரணுக்குப் போனது. மனைவி தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. யார்டுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"பூனைன்னு ஏதோ சொன்னீங்களே."

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். வாய் கேட்கவில்லை. மூன்று வாரம் அடைத்து வைத்த கதை. சொன்னார். அவள் "அப்புறம்?" என்றாள். பாத்திரம் உள்ளே போனது. இந்தத் தடவை அது போவது கொக்கியார் கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொல்லிக்கொண்டே போனார். அவள் "ஐயையோ" என்றபோது இது எனக்கா, சோற்றுக்கா என்று அவள் முகத்தைத் துருவிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. புகார் பிரிவில் இத்தனை வருஷம் இருந்த முகம் அது. மூன்று வாரமும் இப்படியே போயிற்று. கதை சொல்லுவார், சந்தேகப்படுவார், ஏப்பம் விட்டு எழுந்துகொள்வார்.

ஆறாம் வாரம் நர்ஸம்மா எந்திரத்தைத் தட்டவில்லை.

"தொண்ணூத்து நாலு எழுநூறு. பலே! என்ன சார் பண்ணினீங்க? மத்தவங்களுக்கும் சொல்றேன்."

"பேசினேன்."

"யார்கிட்ட? டயட் டாக்டர்கிட்டயா?"

கொக்கியார் எந்திரத்தை விட்டு இறங்கினார். கூண்டு அவருக்கே என்று எழுதி, சீட்டில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய நாள். கிரேன் மிஞ்சியது. மேலே பார்க்கிற காட்சிகளெல்லாம் மிஞ்சின. அவற்றைக் கேட்க ஓர் ஆள் இருக்கிறாளா என்பதுதான் தெரியவில்லை.

சாயங்காலம் மாடிப்படியில் எதிர்வீட்டுத் தையல்காரம்மா துணி மூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. உங்களைப் பாத்ததும் அந்த மூடுபனிக் கதை ஞாபகம் வந்துடுச்சு. மேனேஜர் காரை கன்டெய்னர்னு நினைச்சுத் தூக்கிட்டீங்களாமே!"

"அது உனக்கெப்படித் தெரியும்?"

"அக்காதான் சொன்னாங்க. நீங்க பேசாம சாப்பிட்டப்ப இங்க வந்து மூணு வாரமும் உங்க கதைதான். அவங்க கையை வீசிக் காட்டறதும், மேனேஜர் மாதிரி தொண்டையைச் செருமறதும், நான் தையல் மெஷினை நிறுத்திட்டுச் சிரிச்சேன்ண்ணே. ஒரு வார்த்தை விடல. அன்னிக்கு மேனேஜர் என்ன கலர் சட்டைன்னுகூடச் சொன்னாங்க."

"என்ன கலர்?"

"மஞ்சள்."

மஞ்சள்தான். கொக்கியாருக்கு உடம்பில் எடையே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. நர்ஸம்மா அப்போது நிறுத்திருந்தால் அறுபதுகூட வந்திருக்காது. கேட்டிருக்கிறாள்! சட்டைக் கலர்வரை கேட்டிருக்கிறாள்! அந்தக் கதவைத் தாண்டி வந்த சிரிப்பெல்லாம் தன்னுடைய சிரிப்பு! படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினார். மனைவி மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கேட்டிருக்கே!"

"எதை?"

"என் கதையை! எல்லாத்தையும்! பாத்திரத்துக்காக இல்ல. நிஜமாவே கேட்டிருக்கே. மஞ்சள் சட்டை! தையக்காரம்மா சொல்லிட்டா. ஒரு வார்த்தை விடாம மனசுல வெச்சிருக்கியே, ஏன்டீ என்கிட்ட மறைச்சே?"

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவருக்கு வேண்டியிருந்த சிரிப்பு அது. ஆசையும் இருந்தது, கொஞ்சம் இரக்கமும் இருந்தது.

"மனசுல நிக்காம எப்படிங்க இருக்கும்? இருபத்தாறு வருஷமா மொத்தம் பதினோரு கதைதானே சொல்லியிருக்கீங்க. இப்போ பூனையோட சேத்து பன்னெண்டு."

"பதினொண்ணா? தினம் ஒண்ணு சொல்வேனே!"

"தினம் சொல்வீங்க. மூடுபனி மட்டும் ஆயிரம் தடவை இருக்கும். பத்து நிமிஷக் கதை எது, அம்பது நிமிஷக் கதை எதுன்னு எனக்குத் தெரியும். மீன் வறுக்கற அன்னிக்கு நீங்க லேசுல எழுந்துக்க மாட்டீங்களா, அன்னிக்கு நானே எடுத்துக் குடுத்து நீளமா ஒண்ணைச் சொல்ல வெப்பேன்."

கொக்கியார் மெல்ல நாற்காலியில் இறங்கினார். அவள் எதிரே உட்கார்ந்து, அவருடைய தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு கரண்டி சோறு வைத்தாள். இன்னொரு கரண்டி வைத்தாள். பிறகு கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"இன்னிக்கு வெறும் பருப்பும் கீரையும்தாங்க" என்றாள். "சின்னதா ஒண்ணு சொன்னா போதும்."